கோலாலம்பூர் வீட்டில் சின்னக் கடல்நீர்த் தொட்டி: மறுபடி ஆரம்பிப்பவருக்கும் புதிதாக வருபவருக்கும்

பினாங்கில் இருந்த காலத்தில் என்னிடம் இரண்டடிக் கடல்நீர்த் தொட்டி ஒன்று இருந்தது. வேலை மாறி கோலாலம்பூர் வந்தபோது மீன்களைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுத் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டேன். இப்போது செந்தூலில் காண்டோ வீடு, கூடத்தில் கொஞ்சம் இடமும் இருக்கிறது, தொட்டியை மறுபடி நிறுத்தியாகிவிட்டது. அதைப் பார்த்து "எனக்கும் ஒன்று வைக்க ஆசை" என்று சொல்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, நீமோ (க்ளௌன் மீன்) என்ன விலை? அடுத்தது, டோரி (நீல டாங் மீன்) விடலாமா? இங்கே மீன் பேச்சு கடைசியில்தான் வரும். நம் ஊரில் கடல்நீர்த் தொட்டி வைப்பது முக்கால்வாசி தண்ணீர் வேலை. அது சரியாக அமைந்துவிட்டால் மீனுக்குப் பெரிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை, அமையாவிட்டால் எத்தனை வெள்ளி கொடுத்து வாங்கிய மீனும் சீக்கிரமே மிதந்துவிடும்.

இன்னொன்று. குளிர்நாட்டுக்காரர்கள் போடும் வீடியோக்களைப் பார்த்து அப்படியே சாமான் வாங்காதீர்கள். அவர்கள் முதலில் ஹீட்டர் வாங்கச் சொல்வார்கள். நமக்குப் பிரச்சினை நேர்மாறானது.

தொட்டியும் இடமும்

சின்னத் தொட்டி என்றதும் மேசைமேல் வைக்கும் 20 லிட்டர் கண்ணாடிப் பெட்டியை நினைத்துக்கொள்ள வேண்டாம். தண்ணீர் குறையக் குறைய வேலை கூடும். அவ்வளவு சின்னதில் ஒரு நத்தை செத்துக் கிடந்தாலே அம்மோனியா ஏறிவிடும், ஒரு மத்தியான வெயிலிலேயே சூடு எகிறிவிடும். நான் வைத்திருப்பது 60 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், 45 உயரம். கணக்குப் போட்டால் 121 லிட்டர், பாறையும் மணலும் போட்டு மேலே கொஞ்சம் இடம் விட்டால் உள்ளே நிற்கும் தண்ணீர் ஏறக்குறைய 100 லிட்டர். புதிதாக வருபவருக்கு இது நல்ல அளவு. வீட்டில் பழைய 60க்கு 30க்கு 36 தொட்டி சும்மா கிடந்தால் அதையும் எடுக்கலாம், ஆனால் மொத்தமே 65 லிட்டர்தான் பிடிக்கும் என்பதால் மீனைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீர், பாறை, கண்ணாடி, ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் 150 கிலோவைத் தாண்டிவிடும். ஆகவே டிவி மேசை, புத்தக அலமாரி எல்லாம் ஆகாது. ஸ்டாண்டின்மேல் ரசமட்டம் வைத்துப் பாருங்கள், ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் கண்ணாடியின் ஒட்டில் பாரம் ஏறும். சட்டம் இல்லாத தொட்டி என்றால் அடியில் ஃபோம் விரிப்பு கட்டாயம்.

வெயில் நேராக விழும் ஜன்னல் பக்கம் வேண்டாம், அடுப்படிப் பக்கமும் வேண்டாம். நம் வீடுகளில் சாமி மேடைக்குப் பக்கத்திலும் வேண்டாம் என்பேன். ஸ்கிம்மரும் (நுரை எழுப்பிக் கழிவைப் பிரிக்கும் கருவி) ஏர் பம்ப்பும் அறைக் காற்றை இழுத்து இழுத்துத் தண்ணீருக்குள் செலுத்துபவை, வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டால் அந்தப் புகையும் சேர்ந்து உள்ளே போகும். கொசுச் சுருள், கொசு ஸ்ப்ரே இவையெல்லாம் அதைவிட மோசம். டிங்கிக்காகத் தாமானில் புகையடிக்க வருகிறார்கள் இல்லையா, அதில் கலக்கும் கொசு மருந்துகள் மீனுக்கு விஷம், இறாலுக்கும் நண்டுக்கும் அதைவிடக் கொடிய விஷம். புகையடிக்கும் சத்தம் கேட்டதுமே ஜன்னலை அடைத்துவிட்டு, ஏர் பம்ப்பையும் ஸ்கிம்மரையும் நிறுத்திவிட்டு, தொட்டியின் வாயைப் பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். தண்ணீரைச் சுழற்றும் பம்ப் மட்டும் ஓடட்டும். வாடை முழுக்கப் போன பிறகு எல்லாவற்றையும் திறந்துகொள்ளலாம்.

பழைய சாமானை எடுப்பவர்கள்

முதலில் கசிவு. குளியலறையிலோ பால்கனியிலோ சமமான தரையில் தொட்டியை வைத்து, குழாய்த் தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் விடுங்கள். நான்கு மூலையிலும் காகிதத் துண்டு ஒன்றை அடியில் செருகி வைத்தால் சொட்டுக் கசிந்தாலும் தெரிந்துவிடும். சிலிக்கோன் ஓரத்தை நகத்தால் தொட்டுப் பாருங்கள், உரிந்து வந்தால் புதிதாகப் பூச வேண்டிய தொட்டி அது.

செகண்ட்ஹேண்டாக வாங்கும்போது "இதில் மீனுக்கு மருந்து போட்டிருக்கிறீர்களா" என்று கட்டாயம் கேளுங்கள். செம்பு கலந்த மருந்து போட்ட தொட்டியிலும், முக்கியமாக அதிலிருந்த பாறையிலும், செம்பு தங்கிவிடும். மீன் தாங்கும், இறாலும் நத்தையும் பவளமும் தாங்காது. அந்தப் பாறை இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

பம்ப்புகளை வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்த வாளியில் ஓர் இரவு ஊறப் போட்டால் சுண்ணாம்புப் படிவு கரைந்துவிடும், அப்புறம் பழைய டூத் பிரஷ்ஷால் உள்ளே சுழலும் காந்தத் துண்டைத் தேய்த்து எடுங்கள். ஒயர் வெடித்திருந்தால் அந்தப் பம்ப்பைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், உப்புத் தண்ணீரும் வீட்டுக் கரண்டும் விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை. திறந்து வைத்த பழைய உப்பு மூட்டை நம் ஊர் ஈரக்காற்றில் கல்லாக இறுகியிருக்கும், அதையும் சேர்த்தே போடுங்கள். டெஸ்ட் கிட்டுகளில் காலாவதித் தேதியைப் பாருங்கள், தேதி போன கிட் காட்டும் எண்ணை நம்பி எதுவும் செய்ய முடியாது.

பழைய பாறைக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஓட்டைகளுக்குள் செத்த புழுவும் பாசியும் மக்கி இருக்கும். ஒரு பங்கு வாசனையில்லாத பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஒன்றிரண்டு நாள் ஊறவிட்டு, நன்றாக அலசி, ஆன்டிகுளோரின் (குளோரினை நீக்கும் திரவம்) கலந்த தண்ணீரில் மறுபடி ஊறவிட்டு, பிளீச் வாடையே இல்லாத அளவுக்கு வெயிலில் காய வையுங்கள். பிளீச்சும் வினிகரும் ஒரே வாளியில் சேரக் கூடாது, விஷவாயு கிளம்பும். பாறையைக் கொதிக்கவும் வைக்காதீர்கள், சுடுதண்ணீர் ஊற்றித் தேய்க்கவும் செய்யாதீர்கள். பட்டன் பட்டனாக வளரும் ஸோவா பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் விஷம் இருக்கிறது, பழைய பாறையில் அது ஒட்டிக்கொண்டிருந்து ஆவியோடு கிளம்பினால் மூச்சில் ஏறும். வெளிநாடுகளில் இப்படி வீட்டோடு மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் நடந்திருக்கின்றன.

தண்ணீர்

குழாய்த் தண்ணீரில் ஆன்டிகுளோரின் விட்டால் குளோரின் போகும். நன்னீர் மீனுக்கு அது போதும். ஆனால் கரைந்திருக்கும் பாஸ்பேட், சிலிக்கேட், பழைய குழாயிலிருந்து வரும் உலோகம் எதுவும் போகாது, கடல்நீர்த் தொட்டியில் இவை பாசிக்குத் தீனி. ஆகவே ஆர்ஓ தண்ணீர், அதாவது நுண்சவ்வு வழியாக அழுத்தி வடிகட்டிய தண்ணீர். வீட்டில் சின்ன ஆர்ஓ யூனிட் மாட்டி, கடைசியில், மிச்சம் கரைந்திருப்பதையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் குழாய் ஒன்று சேர்த்துக்கொண்டால் உத்தமம். வாடகை வீடு, குழாயில் கை வைக்க முடியாது என்றால், கடை வரிசைக்கு வெளியே காசு போட்டால் தண்ணீர் ஊற்றும் மெஷின் நிற்கிறதே, அதில் பிடிக்கலாம். லிட்டருக்குச் சில காசுதான். ஆனால் அந்த மெஷின்களில் வடிகட்டியை எப்போது மாற்றினார்கள் என்பது யாருக்கும் தெரியாது, அதனால் தண்ணீரில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டும், பேனா அளவில் இருக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். பூஜ்யம் என்றால் நல்லது, 5 வரைக்கும் ஒத்துக்கொள்ளலாம், 20, 30 என்று காட்டினால் அடுத்த கடை வரிசைக்கு நடையைக் கட்டுங்கள். ஒரே தெருவில் இரண்டு மெஷின் இரண்டு விதமாகக் காட்டும்.

பினாங்கில் இருக்கும் நண்பர்கள் கேட்பது: பத்து பெரிங்கி கடற்கரை பக்கத்தில்தானே இருக்கிறது, கடல் தண்ணீரையே ஜெரிக்கேனில் அள்ளி வந்தால் என்ன? வேண்டாம். கரையோரத் தண்ணீரில் சேறும் சாக்கடையும் படகு எண்ணெயும் கலந்திருக்கும், பெரிய மழை பெய்தால் உப்பும் இறங்கிவிடும். ஆழ்கடலில் படகு போட்டு அள்ளுபவருக்கு வேண்டுமானால் அது சரி வரும். கடற்கரை மணலுக்கும் இதே பதில்.

உப்பு கலப்பது எளிது. சுத்தமான, சோப்பு தொடாத ஒரு தொட்டியோ பெரிய வாளியோ இதற்கென்றே ஒதுக்குங்கள். முதலில் தண்ணீர், அதில் உப்பு. உப்பைப் போட்டுவிட்டு மேலே தண்ணீர் ஊற்றினால் கால்சியம் வெள்ளையாகப் படிந்துவிடும், திரும்பக் கரையாது. பெரும்பாலான உப்பு வகைகளுக்கு லிட்டருக்கு 36 முதல் 38 கிராம் தேவைப்படும், அதாவது 20 லிட்டர் வாளிக்கு முக்கால் கிலோ. சமையல் உப்பு இல்லை, மீன் கடையில் கிடைக்கும் கடல்நீர் உப்பு மட்டும். ஒரு சின்னப் பம்ப்பை உள்ளே போட்டுச் சுழல விடுங்கள், சில மணி நேரத்தில் தண்ணீர் கண்ணாடியாகத் தெளியும். அப்புறம் அளவு பாருங்கள்: ஒப்படர்த்தி 1.025 அல்லது 1.026, உவர்ப்பு 35 (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு). உவர்ப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 என்று எழுதி விற்கும் அளவுத் திரவத்தை வைத்துச் சரிபார்க்க வேண்டும். வெறும் தண்ணீரில் பூஜ்யம் காட்டினால் 35இலும் சரியாகக் காட்டும் என்று உத்தரவாதம் இல்லை. முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர் மலிவுதான், ஆனால் முள்ளில் ஒரு காற்றுக்குமிழ் ஒட்டினால் போதும், அது காட்டுவதெல்லாம் பொய்.

இப்போது எல்லாரும் குழம்பும் இடம். தண்ணீர் ஆவியாகும்போது உப்பு போகாது, தண்ணீர் மட்டும்தான் போகும். எனவே தினமும் குறைவதை உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். 60 லிட்டர் தண்ணீரில் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் ஆவியானால் உவர்ப்பு 35இலிருந்து 35.6 ஆகும். மூன்று நாள் கவனிக்காமல் விட்டால் 36.8. அடுத்த நாள் பதறிப்போய் மூன்று லிட்டரை ஒரே மூச்சில் ஊற்றினால் திடீரென்று இறங்கும், இந்த ஏற்ற இறக்கம்தான் பவளத்தையும் இறாலையும் கொல்கிறது. கண்ணாடியில் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு டேப் துண்டை ஒட்டி, காலையில் அந்தக் கோடு வரை நிரப்புங்கள். முடிந்தால் மிதவை வைத்த தானியங்கி நிரப்பி ஒன்று வாங்கிவிடுங்கள். முதலில் எதற்குச் செலவழிக்கலாம் என்று கேட்டால் விலையுயர்ந்த விளக்கைவிட இதைத்தான் நான் சொல்வேன்.

தண்ணீர்த் தடை வரும் ஊர் இது, அதனால் குறைந்தது 40 லிட்டர் ஆர்ஓ தண்ணீர் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். தண்ணீர் திரும்பி வரும் முதல் நாளில் கலங்கலாக வருவதை ஆர்ஓ யூனிட்டுக்குள் விட்டால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், தெளியும் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

சூடு

தொட்டிக்கு வேண்டியது 25 முதல் 27 டிகிரி. 28 வரை கவலையில்லை. மத்தியானம் மூடிக் கிடக்கும் காண்டோ வீட்டில் அறையே 31, 32 ஆகிவிடும், பம்ப்பும் விளக்கும் சேர்ந்து இன்னும் கொஞ்சம் ஏற்றும். சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவாகவே கரையும், மீனுக்கோ அப்போதுதான் மூச்சு அதிகம் தேவைப்படும். 30ஐத் தாண்டி நாள் கணக்கில் நின்றால் பவளம் தன் உடம்புக்குள் வைத்திருக்கும் பாசியைத் துப்பிவிட்டு வெளுத்துப்போகும்.

மலிவான வழி, தண்ணீரின் மேற்பரப்பில் படும்படி ஒரு விசிறி. ஆவியாதல் இரண்டு மூன்று டிகிரியைக் குறைத்துவிடும். அதற்கு விலை, தினமும் இன்னும் ஒரு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் ஊற்ற வேண்டும். நாள் முழுக்க மழை பெய்து காற்றில் ஈரம் நிறைந்திருக்கும் வாரங்களில் விசிறி அவ்வளவாக வேலை செய்யாது, ஆனால் அன்று அறையும் அவ்வளவு சூடாக இருக்காது, ஏதோ ஒரு வகையில் சமன் ஆகிவிடும். விசிறியை டெம்பரேச்சர் கன்ட்ரோலரில் மாட்டினால் 27க்கு மேல் போனால் ஓடும், இறங்கினால் நிற்கும்.

சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) என்றால் வேலை கச்சிதம், விலையும் மின்கட்டணமும் அதற்கேற்ப. சில்லர் தண்ணீரிலிருந்து எடுக்கும் சூட்டை அறைக்குள்தான் கொட்டும், அதைக் கதவு மூடிய அலமாரிக்குள் வைத்தால் தன் சூட்டையே தான் மறுபடி இழுத்துக்கொண்டு ஓயாமல் ஓடும்.

படுக்கையறையில் வைக்க நினைப்பவர்கள் கவனிக்க: இரவில் ஏசி போட்டு 22 டிகிரி, பகலில் அணைத்துவிட்டு 31 டிகிரி என்றால் தொட்டி தினமும் ஏறி இறங்கும். நிலையாக 28இல் நிற்கும் தொட்டியைவிட இது மோசம். மேலே ஹீட்டர் வேண்டாம் என்று சொன்னதற்கு விலக்கு இந்த ஒரு இடம்தான், 25இல் வைத்த சின்ன ஹீட்டர் ஒன்று இரவில் காப்பாற்றும்.

மூடிக்குக் கண்ணாடி போடாதீர்கள், சூடு உள்ளேயே நிற்கும். மெல்லிய வலைச் சட்டம் போடுங்கள், காற்றும் போகும், குதிக்கிற மீனும் வெளியே விழாது. விளக்கைப் பகல் உச்சியில் எரிய விடாமல் மாலை 3 முதல் இரவு 11 வரை டைமரில் வைத்தால் சூடும் குறையும், வேலை முடிந்து வரும்போது நீங்களும் பார்க்கலாம்.

பாறையும் மணலும்

100 லிட்டருக்கு 8 முதல் 10 கிலோ உலர்பாறை போதும். முன்பெல்லாம் தொட்டி நிறையப் பாறையை அடுக்குவார்கள், மீன் நீந்த இடமே இருக்காது. பாறையை நேராக அடிக்கண்ணாடிமேல் வைத்துவிட்டு அப்புறம் மணலைக் கொட்டுங்கள். மணல்மேல் பாறையை வைத்தால், பள்ளம் தோண்டும் கோபி மீனும் அதன் கூட்டாளி இறாலும் அடியைக் குடைந்து பாறையைச் சரித்துவிடும். பின்கண்ணாடியை ஒட்டி வைக்காமல் கை நுழையும் அளவு இடைவெளி விடுங்கள், பாசி தேய்க்க அந்த இடைவெளி வேண்டும், தண்ணீர் ஓட்டமும் போகும். மணல் என்றால் அரகோனைட் (சுண்ணாம்பு வகை) மணல், இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு 10 கிலோ வரும். கழுவாமல் போட்டால் இரண்டு நாள் தொட்டி பால் நிறத்தில் நிற்கும்.

தீவுக்குச் சுற்றுலா போகும்போது ஒரு துண்டுப் பவளம், ஒரு பாறை என்று எடுத்து வர ஆசைப்படாதீர்கள். பூலாவ் பாயார், பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் எல்லாம் கடல் பூங்காக்கள், அங்கே பவளத்தைத் தொட்டு எடுப்பது 1985 மீன்வளச் சட்டப்படி குற்றம். கல்பவளங்கள் அருகிவரும் உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலிலும் இருக்கின்றன, எல்லை தாண்டிக் கொண்டுவர அனுமதிப் பத்திரம் வேண்டும். கடையில் வாங்கும்போதும் தொட்டியில் வளர்த்து வெட்டிய துண்டா என்று கேட்டு வாங்குங்கள், அவை நம் தொட்டிக்கும் எளிதாகப் பழகும்.

மீன் இல்லாத ஒரு மாதம்

தண்ணீர் நிரப்பி, உப்புச் சரி, பம்ப் ஓடுகிறது, தொட்டி அழகாகத் தெரிகிறது. இங்கேதான் பலரும் கடைக்கு ஓடுவார்கள். பொறுங்கள். மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும், ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும், அந்த நைட்ரேட்டை நாம் தண்ணீர் மாற்றி எடுப்போம். இந்தப் பாக்டீரியாக்கள் பாறையிலும் மணலிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், பாட்டில் பாக்டீரியா ஊற்றினால் சற்று முன்னதாகவே முடியலாம். நன்னீர் மீன் வளர்த்துப் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை: கடல்நீரின் பிஎச் 8.2 அளவில் இருப்பதால் அதே அம்மோனியா இங்கே அதிக விஷமாக இருக்கும், ஆகவே "கொஞ்சம்தானே இருக்கிறது" என்ற சமாதானம் செல்லாது.

பாக்டீரியாவுக்குத் தீனி வேண்டும். சந்தையில் வாங்கிய ஓர் இறாலை உள்ளே போட்டு அழுக விடுவது பழைய முறை, வேலை செய்யும், வீடு முழுக்க நாறும், வீட்டுக்காரி பேசமாட்டாள். கடையில் அம்மோனியம் குளோரைடு திரவம் கிடைக்கும், அதை 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) காட்டும் வரை சொட்டுச் சொட்டாக விடுவது சுத்தமான வழி. இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை டெஸ்ட் செய்து ஒரு நோட்டில் எழுதுங்கள். முதலில் அம்மோனியா இறங்கும், நைட்ரைட் கண்டபடி ஏறும், அப்புறம் அதுவும் இறங்கும். 2 பிபிஎம் அம்மோனியா விட்டு 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் பூஜ்யம், நைட்ரைட்டும் பூஜ்யம் என்று வந்தால் முடிந்தது. பாதித் தண்ணீரை மாற்றுங்கள். இந்த மாதம் முழுக்க விளக்கை அணைத்தே வைக்கலாம், பாசியாவது மிச்சமாகும்.

அப்படியும் விளக்குப் போட்ட சில நாளில் மணல்மேல் பழுப்பாக ஒரு படலம் வரும். டையட்டம் பாசி அது, புதுத் தொட்டி எல்லாவற்றிலும் வரும், சில வாரத்தில் தானாகப் போகும். மருந்து எதுவும் ஊற்ற வேண்டாம். முதல் நத்தைகளை விட இதுதான் நேரம்: ட்ரோக்கஸ் அல்லது டர்போ நத்தை நாலைந்து, மணலைக் கிளற நசாரியஸ் நத்தை இரண்டு மூன்று. கடைக்காரர் இருபது கொடுத்தால் வாங்காதீர்கள், தின்னப் பாசி இல்லாமல் செத்து, அவையே அம்மோனியா ஆகும்.

இனி மீன்

100 லிட்டருக்கு நான்கு சின்ன மீன், அதற்கு மேல் வேண்டாம். என் பட்டியல்: மஞ்சள் வாட்ச்மேன் கோபி ஒன்று, முடிந்தால் அதோடு பிஸ்டல் இறால் ஒன்று, ஃபயர்ஃபிஷ் ஒன்று, க்ளௌன் மீன் இரண்டு. விடும் வரிசையும் இதுவே. கூச்ச சுபாவமுள்ளவை முதலில், இடத்தைப் பிடித்துக்கொண்டு விரட்டுகிற க்ளௌன் கடைசியில். ஒவ்வொன்றுக்கும் இடையில் இரண்டு மூன்று வாரம் விடுங்கள், பாக்டீரியா பெருக நேரம் வேண்டும்.

கோபியும் பிஸ்டல் இறாலும் சேர்ந்து வாழ்வதைப் பார்க்க மட்டுமே தொட்டி வைக்கலாம். இறாலுக்குக் கண் மந்தம், அது நாள் முழுக்க மண் அள்ளிக்கொட்டி வளை தோண்டும், கோபி வாசலில் காவல் நிற்கும், இறாலின் ஒரு மீசை எப்போதும் மீனின் உடம்பைத் தொட்டுக்கொண்டே இருக்கும். ஏதாவது வந்தால் மீன் வாலை ஒரு துடிப்புத் துடிக்கும், அடுத்த நொடி இரண்டும் உள்ளே.

க்ளௌன் மீனுக்கு ஆனிமோன் (கடல் சாமந்தி) அவசியமில்லை. புதுத் தொட்டியில் ஆனிமோன் வைத்தால் அது நகர்ந்துபோய்ப் பம்ப்பில் சிக்கி அரைபட்டு எல்லாவற்றையும் நாசமாக்கும், ஒரு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். க்ளௌன் எல்லாம் முதலில் ஆண், கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். அதனால் இரண்டு குட்டியாக, ஒன்று கொஞ்சம் பெரியதாகப் பார்த்து வாங்கினால் தானாக ஜோடி சேரும். இரண்டு பெரிய பெண்ணைச் சேர்த்துவிட்டால் ஒன்று செத்துத்தான் தீரும். பண்ணையில் பொரித்த குஞ்சுகளே நிறையக் கிடைக்கின்றன, கடலில் பிடித்தது வேண்டாம்.

டோரி? முழுதாக வளர்ந்தால் 30 சென்டிமீட்டர், உங்கள் தொட்டியின் நீளமே 60. முடியாது. மாண்டரின் மீன் கண்ணைப் பறிக்கும் அழகு, ஆனால் பாறையில் ஊறும் பொடி உயிர்களை மட்டுமே நாள் முழுக்கக் கொத்தித் தின்னும், சின்னத் தொட்டியில் பட்டினியில் போய்விடும். க்ளீனர் ராஸ் அதே கதை. மலிவான நீல டாம்செல் சாகாது, ஆனால் பிறகு வரும் எல்லாரையும் அடித்து விரட்டும், அதைப் பிடிக்கப் பாறை முழுவதையும் வெளியே எடுக்க வேண்டியிருக்கும்.

கடையில் மீனைப் பார்த்ததும் பிடிக்கச் சொல்லாதீர்கள். தௌக்கேயிடம் (கடை முதலாளி) "பாஸ், போலே தெங்கோக் டியா மாக்கான்?" (அது சாப்பிடுவதைப் பார்க்கலாமா) என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் முகம் சுளிக்காமல் கொஞ்சம் தீனி போட்டுக் காட்டுவார். சாப்பிடாத மீன், செவுளைப் படபடவென்று அடிக்கும் மீன், உடம்பில் உப்புத் தூவியது போலப் புள்ளி உள்ள மீன், அதே தொட்டியில் செத்த மீன் கிடப்பது, இதில் எது இருந்தாலும் வெறுங்கையோடு திரும்புங்கள். கூடவே அவர்களுடைய தண்ணீரின் உவர்ப்பு எவ்வளவு என்றும் கேளுங்கள். பல கடைகளில் ஒப்படர்த்தி 1.020 அளவில்தான் வைத்திருப்பார்கள். அந்த மீனை நேராக 1.025க்குள் விட்டால் தாங்காது.

வீட்டில் புது மீனை முதலில் விட்டுக் கவனிக்க 20, 30 லிட்டரில் ஒரு தனிமைத் தொட்டி வையுங்கள், ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று, பிவிசி குழாய்த் துண்டு ஒன்று ஒளிந்துகொள்ள, அவ்வளவுதான் சாமான். ஸ்பாஞ்சை ஒரு மாதம் முன்பே பெரிய தொட்டியில் போட்டு வைத்தால் பாக்டீரியாவோடு தயாராக இருக்கும். கடையின் உவர்ப்புக்கே இதைக் கலந்துவைத்து, பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு, வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள், பைத் தண்ணீர் சிங்க்கில் போகட்டும். பிறகு சில நாளில் மெதுவாக 1.025க்கு ஏற்றிக்கொண்டு நான்கு வாரம் கவனியுங்கள். வெள்ளைப்புள்ளி நோய் பெரிய தொட்டிக்குள் நுழைந்துவிட்டால், மீன் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, தொட்டியை மீனில்லாமல் 76 நாள் போட வேண்டும் என்பது வளர்ப்பவர்கள் பின்பற்றும் கணக்கு. செம்பு மருந்தைப் பெரிய தொட்டியில் ஊற்ற முடியாது, இறாலும் நத்தையும் போய்விடும். நான்கு வாரப் பொறுமையா, 76 நாள் தண்டனையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தீனி, ஒரு நாளைக்கு ஒருமுறை அல்லது இருமுறை, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. உறைந்த மைசிஸ் இறால் கட்டியில் கால்வாசியைத் தொட்டித் தண்ணீரில் கரைத்து, வடிகட்டிப் போடுங்கள். வீட்டுக்கு வரும் பிள்ளைகள் கையில் தீனி டப்பாவைக் கொடுக்காதீர்கள்.

பவளம் வைக்க ஆசை என்றால்

மீன் விட்டு இரண்டு மூன்று மாதம் கழியட்டும். காளான் பவளம், பச்சை ஸ்டார் பாலிப், லெதர் பவளம், இவை ஆரம்பக்காரர் கைக்கு அடங்கும். ஸோவாவும் அடங்கும், ஆனால் தொடும்போது கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள், கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்று தொடவே வேண்டாம். மெல்லுடல் பவளங்களுக்குத் தனியாகக் கால்சியம் எதுவும் ஊற்றத் தேவையில்லை, வாராவாரம் 10 சதவீதத் தண்ணீர் மாற்றினாலே உப்பில் உள்ளது போதும். ஆல்கலினிட்டி (காரத்தன்மை) 8, 9 டிகேஎச்சில் (அதை அளக்கும் அலகு) ஆடாமல் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். நைட்ரேட்டைப் பூஜ்யமாக்கத் துடிக்காதீர்கள், 5, 10 பிபிஎம் இருந்தால்தான் பவளத்துக்கும் தீனி.

வாரவேலை என்று பார்த்தால் 10 லிட்டர் தண்ணீர் மாற்றுவது, கண்ணாடி தேய்ப்பது, ஃபில்டர் பஞ்சைக் கழுவுவது, ஒரு டெஸ்ட். கையில் எண்ணெயும் சோப்பும் இல்லாமல் முழங்கை வரை கழுவிவிட்டு இறங்குங்கள். ஒயர் எல்லாம் சுவிட்சுக்குக் கீழே ஒரு வளைவு தொங்கிவிட்டு மேலே ஏறட்டும், ஒயரில் வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாது.

மாலை இடிமழையில் கரண்ட் போனால் முதலில் தேவைப்படுவது காற்று. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று, கரண்ட் நின்றதும் தானாக ஓடும் வகையாகப் பார்த்து, வாங்கி மாட்டிவிடுங்கள். பெரிய விலையில்லை. இருட்டில் தீனி போட வேண்டாம், மீன் ஒரு நாள் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது.

தீபாவளிக்கோ தைப்பூசத்துக்கோ நாலைந்து நாள் ஊருக்குப் போவதாக இருந்தால், கிளம்பும் முன்தினம் தண்ணீர் மாற்றாதீர்கள், புதிதாக எதையும் மாட்டாதீர்கள், ஏதாவது கோளாறு என்றால் பார்க்க ஆள் இருக்காது. தானியங்கி நிரப்பியின் டப்பாவை நிரப்பி, விசிறி ஓடுகிறதா என்று பார்த்து, தீனியை நாளுக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி பிரிட்ஜில் வைத்துப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுங்கள். தீனி டப்பாவை ஒளித்து வைத்துவிடுங்கள். மீன் பசியாக இருப்பது போலத் தெரிகிறதே என்று இரக்கப்பட்டு இன்னொரு கை போடுகிறவர்கள்தான் நம் ஆட்கள்.